பெயர் குறிப்பிட விரும்பாத அந்த ஒருவர்

போன மாதம் மொன்றியலில் ஒரு பல்கலைக்கழகத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். தலைப்பு, ‘சிறிய தீவு நாடுகளில் ஊடகத்துறை எதிர்நோக்கும் சவால்கள்’. இந்து சமுத்திரத்தில் அப்படியொரு தீவு நாட்டின் வாரப் பத்திரிகையில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியவன் என்ற தகுதிக்கு எனக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். எனக்கு முன்னால் பேசியவர் எந்தத் தீவிலும் ஒரு கிழமைக்கு மேல் தங்கியிராதவர். அவருக்கு நாற்பது நிமிடம். “மொன்றியலும் ஒரு தீவுதானே” என்று ஒரு பகிடியோடு தொடங்கினார், ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு திரையில் சவால்களை ஒன்று முதல் ஒன்பது வரை இலக்கம் போட்டுக் காட்டினார். ஒன்பதிலும் மனிதர் ஒருவர்கூட இல்லை.

கூட்டத்தை ஒழுங்கு செய்தவள் நிவேதா, சென்னையிலிருந்து படிக்க வந்த பிள்ளை. கெட்டிக்காரி, ஆனால் கையில் எப்போதும் கடிகாரம். “அங்கிள், உங்க பேப்பரோட பேஜை ஸ்கிரீன்ல ஓப்பன் பண்ணிக் காட்டிடலாமா? பார்க்கிறவங்களுக்கு ஒரு ஐடியா வரும்” என்றாள். எங்கள் பத்திரிகை இப்போது அச்சில் வருவதில்லை. சனம் எல்லாம் பாவிக்கிற அந்தச் சமூக ஊடகச் செயலியில் ஒரு பக்கமாக மட்டும் உயிரோடு இருக்கிறது. அதை இரண்டு பேர் நடத்துகிறார்கள். நிவேதா திறந்தாள். பெரிய திரையில் வெள்ளையாக ஓர் அறிவிப்பு வந்தது: கனடாவில் இருப்பவர்கள் இந்தச் செய்திப் பக்கத்தைப் பார்க்க முடியாது.

எனக்கு இது புதிதல்ல. செய்தி நிறுவனங்களுக்குக் காசு கொடு என்று ஒட்டாவா சட்டம் போட்டது. செயலிக்காரன் மாட்டேன் என்று சொல்லி, கனடாவுக்குள் செய்தி என்று பெயர்பட்ட எல்லாவற்றையும் அடைத்துவிட்டான். இவர்கள் இரண்டு பேருடைய இழுபறிக்கும் உலகத்தின் மற்றப் பக்கத்தில் மீன் விலையும் மரண அறிவித்தலும் போடுகிற ஒரு பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்காத ஆள் இல்லை. நோத்ர-டாம்-த-கிரேஸில் என் அடுக்குமாடி வீட்டு யன்னலோரம் இருந்துகொண்டு நான் இருபத்தாறு வருடம் வேலை செய்த பத்திரிகையை நான் வாசிக்க முடியாது. தீவு சுற்றிப்பார்க்க விரும்பினால் விடுதி விளம்பரம் மட்டும் வேண்டிய அளவு வருகிறது.

கேள்வி நேரத்தில் ஒருவர், “ஆகப் பெரிய சவால் எது?” என்று கேட்டார். “ஒருவரை ஒளித்துவைக்கப் போதிய சனம் அந்த நாட்டில் இல்லை” என்றேன். விளங்காமல் பார்த்தார்கள். விளக்க வாயைத் திறந்தேன். “அங்கிள், சாரி, டைம் ஆயிடுச்சு, ஷார்ட்டா முடிச்சுக்கலாமா?” என்றாள் நிவேதா. நான் முடிக்கவில்லை, நிறுத்தினேன். முடிக்காததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் தொழில் பழகியது கொழும்பில் ஒரு தமிழ்த் தினசரியில். மூன்று வருடம் பிழை திருத்தினேன், இரண்டு வருடம் செய்தி வெட்டி ஒட்டினேன். அங்கே நான் படித்துக்கொண்ட ஒரே வித்தை, ‘பெயர் குறிப்பிட விரும்பாத அதிகாரி ஒருவர்’ என்ற வசனம். கறிக்கு உப்புப் போல எல்லாவற்றிலும் போடுவோம். கொழும்பில் அதிகாரிகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், எவர் சொன்னாரென்று எவருக்கும் தெரியாது. பிறகு நாட்டில் சண்டை மூண்டது. தீவு நாடொன்றில் ஆங்கிலப் பத்திரிகைக்கு உதவி ஆசிரியர் தேவை என்று ஒரு விளம்பரம் கண்டேன், விண்ணப்பித்தேன், போய் இறங்கினேன். அந்த வசனமும் என்னோடு சேர்ந்து இறங்கியது.

சின்னச் சின்னத் தீவுகள் சேர்ந்த அந்த நாட்டின் முழுச் சனத்தையும் கொண்டுவந்து மொன்றியலுக்குப் பக்கத்து நகரமான லவாலில் குடியமர்த்தினால் ஒரு மூலைக்குக் காணாது. ஒரே ஒரு தனியார் பத்திரிகை, அது நாங்கள். ஒரே ஒரு வானொலி, அது அரசாங்கம். ஒரே ஒரு அச்சுக்கூடம், அதுவும் அரசாங்கம். அதாவது அரசாங்கத்தைத் திட்டி எழுதினாலும் அதை அரசாங்கத்தின் யந்திரத்தில்தான் அடிக்கவேண்டும். கடதாசி கப்பலில் வரும். கப்பல் பிந்தினால் பக்கம் குறையும், அப்போதும் மரண அறிவித்தல் பக்கத்தை மட்டும் குறைக்க முடியாது, சனம் பத்திரிகைக் கந்தோர் வாசலுக்கு வந்துவிடும். எங்கள் தட்டச்சுக்காரி மீன்பிடி அமைச்சரின் மச்சாள். படம் பிடிப்பவர் பொலிஸ் மா அதிபரின் மருமகன். இதற்குள் இருந்து சுதந்திர ஊடகம் நடத்து என்று வெளிநாட்டுக்காரர் வருடத்துக்கு ஒரு முறை வந்து பயிற்சிப்பட்டறை வைத்துவிட்டுப் போவார்கள்.

ஆசிரியர் பெயர் அன்செல்ம். அந்தத் தீவிலேயே பிறந்தவர். பென்னாம்பெரிய உடம்பு, அதற்குள்ளிருந்து மெல்லிய குரல். கிழமையில் ஆறு நாள் செருப்புத்தான், புதன்கிழமை மட்டும் சப்பாத்துப் போடுவார், ஏனென்றால் புதன் பின்னேரம் பக்கங்கள் அச்சுக்குப் போகும். அவர் பேசியது தீவின் பேச்சுமொழியான க்ரியோலும் ஆங்கிலமும் கலந்த ஒரு பாஷை. ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகு என் ஞாபகத்தில் அந்த மனிதர் யாழ்ப்பாணத் தமிழில்தான் என்னைத் திட்டுகிறார், ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

புதன் இரண்டு மணிக்கு எல்லாப் பிரதிகளும் அவர் மேசைக்குப் போகவேண்டும். மீன் வெட்டுகிற கத்தியால் ஒரு நீலப் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்காருவார். பெயர் போடாத ஆள் ஒருவர் எந்தச் செய்தியிலாவது வந்தால் பென்சில் அங்கே நிற்கும். “எத்தினை பேர்?” என்பார். அந்தச் சொல்லுக்குப் பொருந்தக்கூடியவர்கள் நாட்டில் எத்தனை பேர் என்பது கேள்வி. சரியாக எண்ணி ஓரத்தில் ஆளுக்கு ஒரு கோடு போடுவார். ‘துறைமுகத் தொழிலாளி ஒருவர்’ என்றால் கோடு போட்டுக் களைத்து, சரி என்று விடுவார். ‘துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுபவர்’ என்றால் மூன்று கோடு. வெட்டு. ‘வடக்குத் தீவின் மூத்த ஆசிரியை’ என்றால் ஒரு கோடு, அந்த மனுசி வடக்குத் தீவுப் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே ஆசிரியை. ஏழு கோட்டுக்குக் குறைந்தால் அந்த வரி போகாது. அது அவர் சட்டம்.

எனக்கு விசர் வரும். “இப்பிடி வெட்டிக்கொண்டு போனா என்ன மிஞ்சும்? ‘இந்த நாட்டில் எங்கேயோ ஒருவர் ஏதோ சொன்னார்’ எண்டு போடவோ?” என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

“போடலாம்” என்றார் அன்செல்ம். “வாசிக்கிறவனுக்கு விளங்கும். நீ கொழும்பிலை எழுதினது முகம் தெரியாத சனத்துக்கு. இஞ்சை வாசிக்கிறவன் செய்தியை வாசிக்கேல்லை, ஆர் சொன்னதெண்டுதான் வாசிக்கிறான்.”

இது பயந்தாங்கொள்ளியின் பேச்சு என்று நான் நினைத்தேன். நல்ல மனிதர், ஆனால் முதுகெலும்பு இல்லை என்று வீட்டுக்குக் கடிதம்கூட எழுதினேன்.

அந்தத் தீவில் அப்போது நாங்கள் ஐந்து தமிழர். கணக்குப் படிப்பித்த ஒரு கணவன் மனைவி, நானும் என் மனைவியும், நீர் வழங்கல் பகுதியின் ஆய்வுகூடத்தில் ஒப்பந்தத்தில் வேலை செய்த ஒருவர். அவர் வடமராட்சிப் பக்கம். என்னிலும் இரண்டு மூன்று வயது இளையவர். அவருடைய பெயரைக் கடைசியில் சொல்கிறேன், அதற்குக் காரணம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய அறையில்தான் எங்களுக்குச் சாப்பாடு. ஊர் மிளகாய்த்தூள் போட்டு மீன் குழம்பு வைப்பார். கோப்பையில் தண்ணீர் வார்த்தால் குடிக்க முதல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், அது அவர் பழக்கம்.

ஒரு ஞாயிறு அவர் சாப்பிடவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து என் முன்னால் இருந்தார்.

“அண்ணை, வடக்குத் தீவுத் தாங்கியிலை மூண்டு தரம் தண்ணி எடுத்துச் சோதிச்சனான். மூண்டிலையும் மலக்கிருமி. பிள்ளையள் குடிக்குதுகள்.”

“மேலை சொல்லேல்லையோ?”

“சொன்னனான். எங்கடை ஆய்வுகூடத் தலைவர் அறிக்கையை வாங்கி லாச்சிக்குள்ளை வைச்சுப் பூட்டிப்போட்டார். வாற மாதம் அங்கை புது விடுதி திறப்பாம், சனாதிபதி வாறாராம், அதுக்குப் பிறகு பாப்பமாம். ஏற்கெனவே வயித்தாலை போய்ப் பத்துப் பன்ரண்டு பிள்ளையள் படகிலை ஆசுப்பத்திரிக்கு வந்திட்டுதுகள்.”

நான் எழுதக் கொப்பியை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்தார்.

“என்ர பேர் வரக்கூடாது அண்ணை. தையிலை ஒப்பந்தம் முடியுது. புதுப்பிச்சாத்தான் அம்மாவையும் தங்கச்சியையும் ஊராலை கொழும்புக்குக் கொண்டுவரலாம். அங்கை ஒவ்வொரு நாளும் ஆமியின்ரை செல் அடி. என்னை விட்டா அவைக்கு ஆருமில்லை.”

“பேர் வராது. என்னை நம்பும்” என்றேன்.

அந்தக் கிழமை அன்செல்ம் ஊரில் இல்லை. தெற்குத் தீவில் அவருடைய அக்கா இறந்துவிட்டார், அடக்கத்துக்குப் போயிருந்தார், வியாழன் படகில்தான் திரும்புவார். புதன்கிழமை மேசையும் நீலப் பென்சிலும் என்னுடையவை. செய்தியை நானே எழுதினேன். நல்ல செய்தி, இப்போதும் சொல்வேன், ஒரு சொல் கூடுதல் குறைவு இல்லை. ‘நீர் வழங்கல் பகுதியைச் சேர்ந்த ஒருவர்’ என்றுதான் முதலில் எழுதினேன். அங்கே நாற்பது பேர் இருந்தார்கள், எண்ணியிருந்தால் நாற்பது கோடு. ஆனால் வாசித்துப் பார்க்கச் சப்பென்று இருந்தது. மீற்றர் வாசிப்பவனும் அந்தப் பகுதிதானே, அவன் சொன்னதை யார் நம்புவார்கள் என்று எனக்குள் இருந்த கொழும்புக்காரன் கேட்டான். வெட்டிவிட்டு எழுதினேன்: ‘நீர் வழங்கல் பகுதியின் ஆய்வுகூடத்தில் பணிபுரியும், பெயர் குறிப்பிட விரும்பாத ஒருவர்’.

ஆய்வுகூடத்தில் இருந்தது இரண்டு பேர். மற்றவர் அந்தத் தலைவர். நான் ஒரு கோடுகூடப் போட்டுப் பார்க்கவில்லை. அவருடைய பெயரை எழுதாமல் விட்டேன், ஆகவே வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று மனதார நம்பினேன். அந்த மடைத்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

வியாழன் காலை பத்திரிகை வந்தது. பெருமையோடு சந்தைக்குப் போனேன். மீன் விற்கிற கிழவி ஒருத்தி, எழுதப் படிக்கத் தெரியாதவள், என்னைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “உன்ர நாட்டுப் பொடியன் நல்ல காரியம் செய்திருக்கிறான்” என்றாள். மணி ஒன்பது ஆகவில்லை. வாசிக்கத் தெரியாத கிழவிக்கே தெரியும் என்றால் வேறு யாருக்குத் தெரியாது?

மத்தியானத்துக்குள் ஆய்வுகூடக் கதவுத் திறப்பை அவரிடமிருந்து பறித்துவிட்டார்கள். அடுத்த நாள் வேலை அனுமதி ரத்து, சனிக்கிழமை விமானத்தில் நாட்டை விட்டுப் போகவேண்டும் என்று கடிதம்.

அன்செல்ம் வியாழன் பின்னேரம் படகால் இறங்கி நேரே கந்தோருக்கு வந்தார். கறுத்த உடுப்பு, காலில் கடற்கரை மண். பத்திரிகையை விரித்தார், வாசித்தார், பென்சிலை எடுத்தார்.

“எத்தினை பேர்?”

“நீர்ப் பகுதியிலை நாப்பது பேர்.”

“நான் அதைக் கேக்கேல்லை.”

“ஆய்வுகூடத்திலை ரெண்டு.”

“ரெண்டிலை ஒண்டு அமைச்சற்றை தங்கச்சி புருசன். மிச்சம்?”

அவர் ஓரத்தில் ஒரே ஒரு கோடு போட்டு, பத்திரிகையை என் பக்கம் திருப்பி வைத்தார். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

வெள்ளி காலை அரசாங்க அச்சுக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. யந்திரம் பழுதாம். எப்போது சரிவரும் என்று அன்செல்ம் கேட்டார். அது உங்களைப் பொறுத்தது என்றான் வந்தவன், வெட்கமில்லாமல். மன்னிப்புக் கேட்டுப் பிரசுரித்தால் யந்திரம் ஓடும், இல்லாவிட்டால் பத்திரிகை இல்லை, பதினாலு பேருக்கு வேலை இல்லை. அன்செல்ம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“செய்தி நீ எழுதினது. மன்னிப்பு எழுதுறதோ, மாட்டன் எண்டு எழுதுறதோ நீயே முடிவெடு. எதை எழுதினாலும் நான் கையெழுத்து வைக்கிறன்.”

இதற்காக அந்த மனிதரில் எனக்கு வருடக்கணக்காகக் கோபம். நீதானே ஆசிரியர், நீ முடிவெடு ஐயா! ஏன் என் தலையில் கட்டுகிறாய்? ஆனால் அவர் தந்தது நியாயம் என்று எனக்கு உள்ளூரத் தெரியும், அதுதான் கூடுதல் எரிச்சல். என்னுடைய வேலை அனுமதியும் அதே அரசாங்கம் தந்ததுதான். என்னையும் ஒரு சனிக்கிழமை விமானத்தில் ஏற்றலாம். என் மனைவி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. இதெல்லாம் காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. பதினைந்து நிமிடத்தில் எழுதி முடித்தேன்.

‘வடக்குத் தீவின் குடிநீர் பாதுகாப்பானது. போதிய தகுதியில்லாத ஊழியர் ஒருவர் தந்த ஆதாரமற்ற தகவலை வெளியிட்டமைக்கு வருந்துகிறோம்.’

குடிநீர் பாதுகாப்பானது என்று எழுதச் சொல்லி அவர்கள் கேட்டார்கள். ‘போதிய தகுதியில்லாத’ என்று எழுதும்படி ஒருவரும் கேட்கவில்லை. அது என் சொந்தச் சரக்கு. வசனம் எடுப்பாக நிற்கவேண்டும், பழி எங்கேயாவது போய் இறங்கவேண்டும், என்மேல் இறங்கக்கூடாது. அன்செல்ம் வாசித்தார். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் நீலப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். என் முகத்தைப் பார்த்தார். நான் குனிந்து கொண்டேன். அவர் கையெழுத்து வைத்தார். ஒரு மணித்தியாலத்தில் யந்திரம் திருந்திவிட்டது. அரசாங்க வானொலி அதை அன்று பின்னேரமே க்ரியோலிலும் ஆங்கிலத்திலும் வாசித்தது.

நான் விமான நிலையத்துக்குப் போகவில்லை.

வடக்குத் தீவுச் சனம் செய்தியை வாசித்துவிட்டுத் தண்ணீரைக் கொதிக்கவைக்கத் தொடங்கியிருந்தார்கள். மன்னிப்பைக் கேட்டதும் விட்டுவிட்டார்கள். அடுத்த மாதம் மறுபடி படகுகளில் பிள்ளைகள் வந்தார்கள். எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள், அதில் எங்கள் புண்ணியம் ஒன்றும் இல்லை. ஒரு வருடம் கழித்து அந்தத் தாங்கியைச் சத்தமில்லாமல் இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். ‘நீர் வழங்கலில் புதிய சகாப்தம்’ என்று அமைச்சர் நாடா வெட்டும் படத்தை நாங்கள் முதற்பக்கத்தில் போட்டோம். தலைப்பு என்னுடையது.

பிறகு அன்செல்மும் இறந்துபோனார், மேசை எனக்கு வந்தது. ஏழு கோட்டுச் சட்டத்தை நான் அவரிலும் கடுமையாக நடத்தினேன். என்னோடு வேலை செய்தவர்கள் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். ஓய்வு பெற்றேன், மனைவி காலமானாள், மகள் என்னை மொன்றியலுக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். இப்போது அங்கே பத்திரிகையை நடத்துவது மரி-ஆஞ்ச், நான் வேலைக்கு எடுத்த பெண். இங்கே பக்கம் திறபடாததால் கிழமைக்கு ஒரு முறை அதைப் படமெடுத்து எனக்கு அனுப்புகிறாள்.

நான் வந்த முதல் குளிர்காலத்திலேயே லவாலில் ஒரு கலியாண வீட்டில் அவரைக் கண்டேன். ஆம், அந்த ஆய்வுகூடத்துக்காரர்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. சாப்பாட்டு மேசையில் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், அதை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். அவரும் என்னைக் கண்டார். “அண்ணை, இந்த முறை பனி கூட, என்ன?” என்றார். “ஓம், கூடத்தான்” என்றேன். அன்றிலிருந்து ஒன்பது வருடம், கோவில், கலியாணம், செத்தவீடு, எங்கே கண்டாலும் நாங்கள் பனியைப் பற்றியே கதைத்தோம். கோடையில் கண்டால் வரப்போகிற பனியைப் பற்றி.

பல்கலைக்கழகக் கூட்டம் முடிந்து வந்த கோபத்தில் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். ஒரு பந்தி எழுதியதும் கை நின்றது. ‘தீவு நாடொன்றில் நீர் ஆய்வுகூடத்தில் வேலை செய்த தமிழர்’ என்று எழுதியிருந்தேன். எத்தனை பேர்? ஒருவர். அவர் லவாலில் இருக்கிறார், மொன்றியல் தமிழரில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். இரண்டாவது முறையும் அதே ஆளைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தேன். தாளைக் கிழித்துப்போட்டு, ஒறேஞ்ச் லைன் மெற்றோ எடுத்து, கடைசித் தரிப்பில் இறங்கி, பஸ் பிடித்து அவர் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தவர், “வாங்கோ அண்ணை, பனி...” என்று தொடங்கினார்.

“பனி கிடக்கட்டும். தண்ணியைப் பற்றிக் கதைக்க வந்தனான்.”

குசினி மேசையில் இருத்தினார். அவருடைய மகள் அடுத்த அறையில் பிரெஞ்சில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். யன்னல் கட்டில் சின்னக் கண்ணாடிப் போத்தல்கள், தண்ணீர் சோதிக்கிற கடதாசித் துண்டுகள். நான் பார்ப்பதைக் கண்டு, “சும்மா பொழுதுபோக்கு. லவால் தண்ணி நல்ல தண்ணி” என்றார்.

கட்டுரையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

“காட்டிக்குடுத்ததுக்கு நான் கோவிக்கேல்லை அண்ணை. நீங்கள் ஒரு பிழை விட்டியள், உங்களிட்டைச் சொல்லி நானும் ஒரு பிழை விட்டன். கொழும்பிலை இறங்கினன், ஊருக்குப் போய் அம்மாவையும் தங்கச்சியையும் எப்பிடியோ கூட்டிக்கொண்டு வந்தன். அது வேறை கதை. ஆனா அந்த மன்னிப்பு இருக்குதே. உடுப்பு அடுக்கிக்கொண்டு இருக்கேக்கை றேடியோவிலை கேட்டனான். ‘போதிய தகுதியில்லாத’. இஞ்சை வந்து ஆய்வுகூட வேலைக்கு விண்ணப்பம் போட்டனான். அங்கையிருந்து நற்சான்றிதழ் எடுத்துத் தாங்கோ எண்டினம். எழுதிக் கேட்டன். அந்தப் பகுதிக்காரர் என்ன அனுப்பினவை தெரியுமோ? உங்கடை பேப்பர்த் துண்டு. இருவத்திரண்டு வருசம் லொங்கேயிலை பிளாஸ்ரிக் வாளி செய்யிற இடத்திலை நிண்டனான்.”

மேசை விரிப்பின் ஓரத்தை நீவி விட்டார்.

“அந்த அன்செல்ம் அப்பிடி எழுதுவார் எண்டு நான் நினைக்கேல்லை. நல்ல மனிசன் எண்டு இருந்தனான்.”

அவர் அதை அன்செல்மின் தலையில் வைத்து இத்தனை வருடமும் இருந்திருக்கிறார். சும்மா இருந்திருக்கலாம். செத்த மனிதர் மறுக்கப் போவதில்லை.

“அன்செல்ம் இல்லை. எழுதினது நான். அந்தச் சொல்லும் என்ரை.”

அவர் குரல் உயர்ந்தது, அடுத்த அறையில் மகள் பேச்சை நிறுத்தினாள்.

“பேந்து ஏன் அண்ணை ஒன்பது வருசமாப் பனியைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு திரிஞ்சனீங்கள்?”

நான் அழுதேன். எழுபது கடந்தவன், அடுத்தவர் வீட்டுக் குசினியில். அவர் எழுந்து போய் ஒரு கோப்பை தண்ணீர் பிடித்து, வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, என் முன்னால் வைத்தார்.

“கட்டுரை எழுதுங்கோ, எழுதாமல் விடுங்கோ, அது உங்கடை விருப்பம். எனக்கு வேண்டியது திருத்தம். பேப்பர்க்காரர் பிழை விட்டா ஒரு பெட்டி கட்டித் திருத்தம் போடுவினமெல்லோ, அது. என்ர பேரோடை. நான் என்ர கண்ணாலை பாக்கவேணும்.”

மரி-ஆஞ்சுக்கு அன்றைக்கே எழுதினேன். மறு கேள்வி கேட்காமல் அடுத்த நாளே பக்கத்தில் போட்டுவிட்டாள். தீவு முழுக்க வாசித்தார்களாம், வடக்குத் தீவிலிருந்து ஒரு மனுசி அந்தத் தண்ணீரைக் குடித்து வருத்தமாய்க் கிடந்த பிள்ளை நான்தான் என்று எழுதியிருந்தாளாம். உடனே லவாலுக்கு எடுத்துச் சொன்னேன். அவர் கைப்பேசியில் திறந்தார். கனடாவில் இருப்பவர்கள் இந்தச் செய்திப் பக்கத்தைப் பார்க்க முடியாது.

மரி-ஆஞ்ச் அனுப்பிய படத்தைக் காட்டவா என்று கேட்டேன். “படம் ஆரும் செய்யலாம் அண்ணை. அச்சிலை போடுங்கோ” என்றார். சரியான பேச்சு. அதனால்தான் இது இந்தத் தமிழ்ச் சஞ்சிகையில் வருகிறது. இதை அச்சில் கொண்டுபோய் அவர் கையில் கொடுப்பேன்.

திருத்தம்

வடக்குத் தீவின் குடிநீர் பாதுகாப்பானது என்று எங்கள் பத்திரிகை முன்னர் வெளியிட்டது தவறு. அந்தத் தண்ணீரில் மலக்கிருமி இருந்தது. அதைக் கண்டுபிடித்து உரியவர்களிடம் சொன்னவர் அந்த வேலைக்கு முழுத் தகுதியும் உடையவர். அவருடைய பெயர் சின்னத்துரை யோகராசா. அவரைத் தகுதியில்லாதவர் என்று எழுதியவன் நான்.

க. சிவபாதம்
அப்போதைய உதவி ஆசிரியர்